நிலக்கடலை: காய்க்குத் தனிச் சாப்பாடு

செடி தளதளவென்று நிற்கும். காலையில் வயலுக்குப் போனால் வரிசை முழுக்க மஞ்சள் பூ. நூறாம் நாள் பிடுங்கிப் பார்த்தால் கொத்தில் பாதி பொக்கு. ஓட்டை அழுத்தினால் உடைகிறது, உள்ளே பருப்பு இல்லை. இப்படி ஆகும்போது விதை மீதும் மழை மீதும் பழி போடுவது வழக்கம். பெரும்பாலான செம்மண், மணற்பாங்கு நிலங்களில் காரணம் மேல்மண்ணின் மூன்று விரற்கடைக்குள்ளேயே இருக்கிறது. வேருக்குப் போட்ட உரம் காய்க்குப் போய்ச் சேரும் என்பது கத்தரிக்கும் வெண்டைக்கும் சரி. நிலக்கடலைக்கு அந்தக் கணக்கு முழுதாகச் சரிவராது. அதன் காய் கால்சியம் என்ற முக்கியமான சத்தை மண்ணிலிருந்து தானே நேராக எடுத்துக்கொள்கிறது. இது ஒன்று புரிந்தால், இந்தப் பயிரில் எந்த வேலையை ஏன் அந்த நாளில் செய்யச் சொல்கிறார்கள் என்பதெல்லாம் விளங்கிவிடும்.

ஊசி இறங்கும் கதை

வேர்க்கடலை என்று பெயர் இருந்தாலும் காய் வேரில் பிடிப்பதில்லை. விதைத்து 25 முதல் 30 நாளில் இலைக்கக்கத்தில் பூ வருகிறது. காலையில் விரியும் பூ அன்றே வாடிவிடும். வண்டு வந்தாலும் வராவிட்டாலும் தன் மகரந்தத்தாலேயே பெரும்பாலும் சூல் கொள்ளும். அடுத்த ஐந்தாறு நாளில் சூலகத்தின் அடிப்பகுதி காம்பு போல நீளத் தொடங்குகிறது. உழவர்கள் இதை ஊசி என்பார்கள். கையேடுகள் விழுது என்று எழுதும். நுனி கூர்மையாக, ஊதா கலந்த பச்சை நிறத்தில் இருக்கும். சூல் கொண்ட கரு அந்த நுனிக்குள்தான் இருக்கிறது.

ஊசி கீழ்நோக்கி வளைந்து, ஓரிரு வாரத்தில் மண்ணைத் தொட்டு, 3 முதல் 6 சென்டிமீட்டர் ஆழம் வரை இறங்குகிறது. அங்கே நுனி பக்கவாட்டில் திரும்பிப் படுத்துக்கொண்டு உப்பத் தொடங்கும். வெளிச்சத்தில் தொங்கும் வரை உள்ளிருக்கும் கரு வளராமல் அப்படியே நிற்கும். இருட்டும், மண் சுற்றி நின்று தரும் அழுத்தமும் கிடைத்த பிறகுதான் காய் பிடிக்கும். அதனால்தான் தரையிலிருந்து 15 சென்டிமீட்டருக்கு மேல் உள்ள கணுவில் பூத்த பூவால் பெரும்பாலும் பயனில்லை. ஊசி நீளும், எட்டாது, நுனி காய்ந்து போகும். விளைச்சலின் பெரும்பங்கு அடிக்கணுக்களில் முதல் இரண்டு மூன்று வாரம் பூத்த பூக்களிலிருந்தே வருகிறது. மொத்தத்தில் பத்துப் பூவுக்கு ஒன்றோ இரண்டோதான் முற்றிய காயாகும். பூவை எண்ணி மகிழ்வதில் பொருளில்லை. எத்தனை ஊசி மண்ணுக்குள் போனது என்று பார்க்க வேண்டும்.

இந்தக் கணக்கைப் பணமாக்கிப் பார்க்கலாம். 30 சென்டிமீட்டர் வரிசை, 10 சென்டிமீட்டர் செடி இடைவெளி என்றால் சதுர மீட்டருக்கு 33 செடி. ஏக்கருக்குச் சுமார் 1,33,000. முளைப்பிலும் நோயிலும் போனது போக 1,20,000 செடி நிற்பதாக வைத்துக்கொள்வோம். இரண்டு பருப்பு உள்ள நிறைந்த காய் ஒன்று காய்ந்த பிறகு ஏறக்குறைய ஒரு கிராம். செடிக்கு ஒரு காய் கூடுதலாக நிறைந்தால் ஏக்கருக்கு 100 கிலோவுக்கு மேல் கூடுகிறது. செடிக்கு நான்கு பொக்கு என்பது எவ்வளவு பெரிய இழப்பு என்பது இதிலிருந்து தெரியும்.

மண்ணுக்குள் காய்க்கும் பயறு நிலக்கடலை மட்டுமல்ல. மேற்கு ஆப்பிரிக்காவின் வறண்ட பகுதிகளில் விளையும் பம்பாரா கடலையும் இதே வழக்கம் உள்ளது. அது நம் தட்டைப்பயறின் உறவு. நிலக்கடலையின் தாயகம் தென் அமெரிக்கா, தெற்கு பொலிவியாவும் வடமேற்கு அர்ஜென்டினாவும் சேரும் பகுதி. நம் ஊருக்கு அது வந்த வழியைப் பெயரே பேசுகிறது: விழுப்புரம், கடலூர், திருவண்ணாமலைப் பக்கம் மணிலாக்கொட்டை, அதுவே பேச்சில் மல்லாட்டை. கொங்கில் கடலைக்காய். இலங்கைத் தமிழர் கச்சான் என்பார்கள். 19-ஆம் நூற்றாண்டில் தென்னாற்காட்டு மல்லாட்டை புதுச்சேரித் துறைமுகம் வழியாக பிரான்சின் மார்சேய் நகர எண்ணெய், சோப்பு ஆலைகளுக்குக் கப்பலேறியது. குடியாத்தம் குத்துக்கடலையிலிருந்து தேர்ந்தெடுத்து 1940-இல் திண்டிவனம் ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட டி.எம்.வி. 2 ரகம் பல தலைமுறைகளுக்கு நின்றது.

கால்சியம் ஏன் வேர் வழியாக வராது

செடிக்குள் சத்து இரண்டு பாதைகளில் நகர்கிறது. வேரிலிருந்து மேலே தண்ணீரோடு ஏறும் பாதை சைலம். இலையில் சமைத்த சர்க்கரை மற்ற உறுப்புகளுக்குப் போகும் பாதை புளோயம். தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து மூன்றும் இரண்டிலும் பயணம் செய்யும். கால்சியம் சைலத்தில் மட்டுமே தாராளமாகப் போகும். சைலத்தில் தண்ணீர் ஓட வேண்டுமென்றால் மறுமுனையில் ஆவி போக வேண்டும். இலை வெயிலில் நிற்கிறது, ஆவி போகிறது, கால்சியம் இலைக்கு ஏறுகிறது. காய் ஈரமண்ணுக்குள் இருக்கிறது. அதிலிருந்து ஆவி போக வழியில்லை. ஆகவே அந்தப் பக்கம் தண்ணீரும் இழுபடுவதில்லை. இலைக்கு ஏறிய கால்சியம் புளோயம் வழியாகத் திரும்பி இறங்கவும் செய்யாது.

ஆகவே காய் வேறு வழி தேடிக்கொண்டது. ஊசியும் இளம் காயின் ஓடும் சுற்றியுள்ள மண்ணீரிலிருந்து கால்சியத்தை நேராக உறிஞ்சுகின்றன. ஊசி மண்ணில் இறங்கியதிலிருந்து மூன்று நான்கு வாரம்தான் இந்த உறிஞ்சல் மும்முரமாக நடக்கும். ஓடு முற்றி இறுகிய பிறகு கொடுப்பது வீண்.

குறைந்தால் என்ன ஆகும்? ஓடு வளர்ந்துவிடும், கரு பாதியில் கருகிவிடும்: இதுதான் பொக்கு. லேசான பற்றாக்குறை என்றால் பருப்பு பிடிக்கும். ஆனால் பிளந்து பார்த்தால் முளைக்குருத்து கறுத்திருக்கும். சந்தையில் அது விலை போகும், விதையாக முளைக்காது. பெரும்பருப்பு ரகங்களில் இந்தக் கோளாறு அதிகம். பெரிய காய்க்குப் பருமனோடு ஒப்பிட்டால் தோல்பரப்பு குறைவு. அதே மண்ணில் சின்னக் காய் தப்பிக்கும், பெரிய காய் பொக்காகும். பக்கத்து வயல்காரருக்கு நன்றாக வந்த மண்ணில் புது ரகம் மாற்றியவருக்கு ஏன் வரவில்லை என்ற கேள்விக்குப் பல நேரம் இதுவே விடை.

இரண்டு விஷயங்கள் இதை மோசமாக்கும். முதலாவது, மேல்மண் காய்தல். கால்சியம் கரைந்த நிலையில்தான் காய்க்குள் போகும். ஆழத்தில் ஈரம் இருந்து செடி வாடாமல் நின்றாலும், மேல் 5 சென்டிமீட்டர் புழுதியாக இருந்தால் காய் பட்டினிதான். ஊசி இறங்கும் காலத்திலும் காய் திரளும் காலத்திலும் செடியின் வாட்டத்தைப் பார்த்துத் தண்ணீர் விடக் கூடாது, மேல்மண்ணைக் கிள்ளிப் பார்த்து விட வேண்டும். இரண்டாவது, பொட்டாஷ். காய்ப்பகுதி மண்ணில் சாம்பல்சத்து மிகுந்தால் கால்சியத்தோடு போட்டியிட்டு அதை உள்ளே விடாது. பொட்டாஷை அடியுரமாக உழவிலேயே கலந்துவிடுவது நல்லது. பூத்த பிறகு மேலாகத் தூவுவது கெடுதல்.

நாற்பத்தைந்தாம் நாள்

கால்சியம் தரும் ஜிப்சத்தை இறவையில் 40 முதல் 45-ஆம் நாளில் போடச் சொல்வதன் காரணம் இதுதான். தமிழ்நாட்டுப் பரிந்துரை எக்டேருக்கு 400 கிலோ, ஏக்கருக்கு 160. மானாவாரியில் நாளைப் பிடித்துக்கொண்டு நிற்க முடியாது. 40 முதல் 75 நாளுக்குள் மண்ணில் ஈரம் கிடைக்கும்போது போட வேண்டும், முந்தினால் நல்லது. சுத்தமான ஜிப்சத்தில் சுமார் 23 சதம் கால்சியம், 18 சதம் கந்தகம். கந்தகம் எண்ணெய்க்கும் புரதத்துக்கும் உதவுகிறது என்பது கூடுதல் லாபம்.

போடும் முறைதான் முக்கியம். இலையில் பனி காய்ந்த பிறகு, செடி வரிசையின் இரு பக்கமும் அடித்தண்டை ஒட்டி, ஊசி இறங்கப் போகும் அந்தப் பட்டையில் விழும்படி தூவ வேண்டும். வரிசைகளுக்கு நடுவே வாரி இறைத்தால் பாதி வீண். தூவியதும் லேசாகக் கொத்திக் கலந்து, மண் அணைத்து, தண்ணீர் விட வேண்டும். விதைப்பின்போதே முழுதும் போட்டுவிடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. மணற்பாங்கான நிலத்தில் அது நாற்பது நாள் மழையிலும் பாசனத்திலும் கரைந்து காய்ப்பகுதிக்குக் கீழே இறங்கிவிடும். சுண்ணாம்பும் கால்சியம்தானே என்றால், ஆம். ஆனால் அது மெல்லக் கரைவது. புளிப்பு மண்ணில் விதைப்புக்கு முன்பே உழவில் கலந்தால் பலன் தரும், 45-ஆம் நாளில் மேலே தூவினால் தராது. ஜிப்சம் வேகமாகக் கரையும், மண்ணின் புளிப்பையும் மாற்றாது.

எல்லா மண்ணுக்கும் இது தேவை என்று சொல்லவில்லை. ஓடைக்கல்லும் சுண்ணாம்புக் கட்டியும் கலந்த நிலத்தில் கால்சியம் ஏற்கெனவே மிகுதி. அங்கே வேறு நோவு: இரும்புச்சத்து செடிக்கு எட்டாமல் இளம் இலைகள் நரம்பு மட்டும் பச்சையாக, மற்ற இடம் வெளிறி மஞ்சளாகும். 100 லிட்டர் தண்ணீரில் 1 கிலோ அன்னபேதி (இரும்பு சல்பேட்) கரைத்து, பத்து நாள் இடைவெளியில் இரண்டு மூன்று முறை மாலையில் தெளித்தால் தெளியும்.

பருப்பைப் பிளந்தால் நடுவே குழிந்து பழுப்பேறியிருப்பது போரான் குறை. ஏக்கருக்கு 4 கிலோ போராக்ஸை ஜிப்சத்தோடு கலந்து போடலாம். இதில் கை தாராளம் கூடாது. தேவைக்கும் நஞ்சுக்கும் இடையே போரானில் இடைவெளி மிகச் சிறியது.

ஜிப்சம் போடும் நாளும் இரண்டாம் களையெடுப்பும் மண் அணைப்பும் ஒரே வேலையாக முடிய வேண்டும். அதற்குப் பிறகு வயலில் களைக்கொத்துக்கு இடமில்லை. மண்ணுக்குள் போன ஊசியை ஒரு கொத்து அசைத்தால் அறுந்துவிடும், அறுந்தது மறுபடி இறங்காது. களை இருந்தால் கையால் பிடுங்கலாம், பெரிய களையைத் தரையை ஒட்டி வெட்டிவிடலாம். 60-ஆம் நாளில் ஆள் கிடைத்தது என்று களை வெட்டுவதைப் பல இடங்களில் பார்க்கலாம். அந்தக் கூலி கொடுத்து வாங்குவது இழப்பைத்தான்.

மண் அணைப்பிலும் அளவு உண்டு. ஊசிக்கும் மண்ணுக்கும் உள்ள தூரத்தைக் குறைப்பது மட்டுமே நோக்கம். இரண்டு மூன்று சென்டிமீட்டர் பொலபொலப்பான மண் அடியில் சேர்ந்தால் போதும். இலையும் கிளையும் புதையும்படி குவித்தால் புதைந்த இலை அழுகும். அந்த அழுகலில்தான் தண்டழுகல் பூசணம், வெள்ளை நூலும் கடுகு போன்ற உருண்டைகளுமாகப் பெருகி, அடித்தண்டைத் தின்று, காய்க்கொத்தையும் அழித்துவிடும். முந்தைய பயிரில் இந்த நோய் கண்ட நிலத்தில் மண் அணைப்பை இன்னும் மெல்லியதாக வைக்க வேண்டும். காலி டிரம்மைச் செடி மேல் உருட்டுவதும் சிலர் வழக்கம். படர்ந்து, கிளை நெடுகப் பூக்கும் கொடி ரகத்தில் கொஞ்சம் காரணமுண்டு. நிமிர்ந்து நின்று அடியிலேயே பூக்கும் குத்து ரகத்தில் ஒடிந்த கிளை வழியாக நோய் நுழைவதைத் தவிரப் பெரிய ஆதாயம் தெரியவில்லை.

ஊசிக்கேற்ற மண், வரிசைக்கேற்ற விதை

ஊசி மெல்லியது, இறுகிய மண்ணைத் துளைக்காது. மழை பெய்து காய்ந்து மேலோடு பிடித்த செம்மண்ணில் ஊசி தொட்டு வளைந்து நிற்பதைக் காணலாம். களிமண்ணில் காய் பிடிக்கும், ஆனால் பிடுங்கும்போது விடாது, ஓட்டிலும் கறை. பொலபொலப்பான செம்மணற்சாரியும் வடிகாலும் இருக்கும் நிலம் சிறந்தது. தொழுவுரமோ மக்கிய தென்னைநார்க் கழிவோ கடைசி உழவில் சேர்த்தால் மேலோடு பிடிப்பது குறையும்.

விதைக் கணக்கு எளிது. ஏக்கருக்கு 1,33,000 விதை வேண்டும்; குத்து ரகத்தில் நூறு பருப்பு 35 முதல் 40 கிராம். முளைப்புக் குறைவுக்கும் சேர்த்து 50 முதல் 55 கிலோ பருப்பு. பெரும்பருப்பு ரகத்துக்கு 15 முதல் 20 சதம் கூட்டிக்கொள்ள வேண்டும். உடைத்தால் நூற்றுக்கு 70 பருப்பு வரும் என்பதால் காயாக 80 கிலோவாவது எடுத்து வைக்க வேண்டும். தோல் உரிந்த பருப்பும் மூக்கு உடைந்த பருப்பும் முளைக்காமலே பூசணத்துக்கு இரையாகும். பொறுக்கி எறிந்துவிட வேண்டும். விதைநேர்த்திக்கு டிரைக்கோடெர்மா என்றால் கிலோவுக்கு 4 கிராம், அதோடு காற்றின் தழைச்சத்தைப் பிடித்துத் தரும் ரைசோபியம் நுண்ணுயிர். மருந்து என்றால் கார்பெண்டாசிம் 2 கிராம். உயிர்ப்பூசணத்தையும் பூசணக்கொல்லியையும் ஒன்றாகக் கலந்தால் இரண்டாவது முதலாவதைக் கொன்றுவிடும். விதைப்பு ஆழம் 4 முதல் 5 சென்டிமீட்டர்.

இலைக்கு வரும் சுருள்பூச்சி, கம்பளிப்புழு பற்றி இங்கே விரிக்கவில்லை. டிக்கா இலைப்புள்ளி நோயை மட்டும் விட முடியாது, அது காயைத் தொடுகிறது. 70-ஆம் நாளுக்குள் இலை கொட்டினால் பருப்பு திரளாது. ஊசியும் நலிந்து, பிடுங்கும்போது காய் மண்ணிலேயே தங்கும். 35-ஆம் நாள் முதல் அடியிலைகளைப் புரட்டிப் பார்த்து, புள்ளி தெரிந்ததும் லிட்டருக்கு 2 கிராம் மேங்கோசெப் பூசணக்கொல்லி தெளித்து, பதினைந்து நாளில் மறுபடி தெளிப்பது வழக்கம்.

பிடுங்கும் நாள்

குத்து ரகம் 100 முதல் 110 நாள், கொடி ரகம் அதைவிட மூன்று நான்கு வாரம் கூடுதல் என்பது பொதுக்கணக்கு. நாளையும் இலையின் மஞ்சளையும் நம்பிப் பிடுங்கினால் ஏமாற நேரும். டிக்கா அடித்த வயல் முன்னதாகவே பழுத்தது போலத் தெரியும். மருந்தடித்த வயல் காய் முற்றிய பிறகும் பச்சையாக நிற்கும். ஓட்டின் உட்புறம்தான் சரியான சாட்சி. வயலில் ஐந்து இடங்களில் செடி பிடுங்கி, நூறு காயை உடைத்துப் பார்க்க வேண்டும். இளம் காயில் ஓட்டின் உள்பக்கம் வெள்ளையாக, பஞ்சு போல இருக்கும். முற்றியதில் பழுப்புக் கறுப்புக் கறை படிந்திருக்கும், பருப்புத்தோலும் ரகத்தின் நிறத்தைப் பெற்றிருக்கும். நூற்றில் 75 முதல் 80 இப்படி இருந்தால் பிடுங்கலாம்.

முந்தினால் பருப்பு சுருங்கும், எடையும் எண்ணெயும் குறையும். பிந்தினால் ஊசி மக்கிக் காய் மண்ணில் தங்கும். மண் இறுகியிருந்தால் முன்கூட்டி ஒரு லேசான தண்ணீர் விட்டுப் பிடுங்க வேண்டும். குத்து ரகங்களுக்கு இன்னொரு ஆபத்து: பெரும்பாலானவற்றுக்கு விதை உறக்கம் கிடையாது. முற்றிய காய் ஈரமண்ணில் நாலைந்து நாள் கிடந்தால் செடியில் இருக்கும்போதே முளைத்துவிடும். ஆடிப்பட்டத்தில் ஜூலை நடுவில் விதைத்தால் அறுவடை அக்டோபர் கடைசியில், வடகிழக்குப் பருவமழை தொடங்கும் வேளையில் விழுகிறது. அந்தப் பட்டத்துக்கு ஓரிரு வாரமாவது உறக்கம் உள்ள ரகத்தைக் கேட்டு வாங்குவதும், விதைப்பைப் பதினைந்து நாள் முன்தள்ளுவதும் பயன் தரும்.

பூஞ்சணம் எங்கே நுழைகிறது

1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட வான்கோழிக் குஞ்சுகள் செத்தன. பிரேசிலிலிருந்து வந்த கடலைப் புண்ணாக்குத் தீவனம்தான் காரணம் என்று தேடிப் போனதில் அகப்பட்ட நஞ்சுக்கு அஃப்ளாடாக்சின் என்று பெயர் வந்தது. ஆஸ்பெர்ஜில்லஸ் ஃப்ளேவஸ் முதலான பூஞ்சணங்கள் உண்டாக்குவது. கல்லீரலைக் கெடுத்துப் புற்றுநோய் வரை கொண்டுபோவது. நேரடியாக உண்ணும் நிலக்கடலையில் ஐரோப்பிய ஒன்றியம் அனுமதிக்கும் மொத்த அளவு கிலோவுக்கு 4 மைக்ரோகிராம்தான்.

இந்தப் பூஞ்சணம் மண்ணிலேயே வாழ்வது; காயும் அதே மண்ணில் கிடக்கிறது. நல்ல ஈரத்தில் முற்றும் பருப்பு தன்னைத் தானே காத்துக்கொள்ளும். கடைசி நான்கு முதல் ஆறு வாரம் வறட்சியும் மண்சூடும் சேர்ந்தால் பருப்பின் ஈரம் குறைந்து அந்தக் காப்பு தளர்கிறது. கறையான் சுரண்டிய ஓடும், களைக்கொத்து கீறிய ஓடும் திறந்த வாசல். இறவை வசதி இருப்பவர் அந்த வாரங்களில் ஒரு தண்ணீரை மிச்சப்படுத்தக் கூடாது.

மீதிக் கேடு களத்தில் நடக்கிறது. பிடுங்கிய செடியைக் காய் மேல்நோக்கி இருக்குமாறு கவிழ்த்து இரண்டு மூன்று நாள் காய விட வேண்டும். ஈரத்தோடு அம்பாரம் போட்டால் உள்ளே சூடேறிப் பூஞ்சணம் பிடிக்கும். ஆய்ந்த காயை மெல்லியதாகப் பரப்பி, கிளறிவிட்டு, ஈரம் 8 சதம் அளவுக்கு இறங்கும் வரை காயவைக்க வேண்டும். காயை ஆட்டினால் பருப்பு கலகலக்க வேண்டும். பருப்பைத் தேய்த்தால் தோல் எளிதாகக் கழல வேண்டும். உடைக்கும் இயந்திரத்தில் பருப்பு நொறுங்காமலிருக்கக் காயில் தண்ணீர் தெளிக்கும் பழக்கம்தான் மிகவும் வருத்தம் தருவது. நான்கு நாள் வெயிலில் விரட்டிய ஈரத்தை ஐந்து நிமிடத்தில் திரும்ப ஏற்றி, அதையே மூட்டையில் கட்டுகிறோம்.

நஞ்சு எல்லாப் பருப்பிலும் சமமாக இருக்காது. சுருங்கியது, நிறம் மாறியது, பூஞ்சணம் பூத்தது ஆகிய சிறு பங்கில்தான் பெரும்பகுதி குவிந்திருக்கும். அதனால் கையால் பொறுக்குவதற்கு உண்மையான பலன் உண்டு. வறுத்தால் முழுதாகப் போகாது. கழித்த பருப்பைச் செக்குக்கு அனுப்புவது தீர்வாகாது: சுத்திகரிக்காத எண்ணெயில் கொஞ்சம் வரும், பெரும்பங்கு புண்ணாக்கில் தங்கும். அந்தப் புண்ணாக்கைத் தின்ற மாட்டின் பாலில் அது வேறு உருவில் இறங்கும். நம் நாட்டில் பாலுக்கு வைத்திருக்கும் வரம்பு கிலோவுக்கு 0.5 மைக்ரோகிராம். கழித்த பருப்பைத் தீவனத்திலும் சேர்க்காமல் அழித்துவிட வேண்டும்.

விதைக்கு எடுத்து வைப்பதைக் கொளுத்தும் வெயிலில் சிமெண்டுக் களத்தில் காயவைத்தால் முளைப்பு போய்விடும். கோடை அறுவடையில் செடியோடு சிறு கொத்தாகக் கட்டி நிழலில் தொங்கவிட்டு உலர்த்த வேண்டும். பிறகு ஓட்டோடு சாக்கில் கட்டி, சுவரை ஒட்டாமல் பலகை மேல் அடுக்கி, விதைப்புக்கு ஒரு வாரம் முன்பு மட்டும், தண்ணீர் தொடாமல், கையால் உடைக்க வேண்டும்.